விலங்கு ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் உங்கள் விண்ணப்பம் எங்கே நின்றது?

ஆய்வு மாணவி:
காயம் ஆறும் ஆய்வு. ஆறு தொகுதி, தொகுதிக்கு எட்டு, ஆக 48 சுண்டெலிகள் கேட்டிருந்தேன். "ஏன் எட்டு?" என்றார் குழுவில் இருந்த அறிவியல் சாராத உறுப்பினர். முந்தைய கட்டுரைகளிலும் எட்டுதான் என்றேன். "அவர்கள் ஏன் எட்டு என்று சொல்லியிருக்கிறார்களா?" என்று கேட்டுவிட்டுப் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். என்னிடம் பதில் இல்லை. முதுகலையில் செய்த ஆய்வின் திட்ட விலக்கத்தை, அதாவது அளவுகள் எவ்வளவு சிதறியிருந்தன என்பதை எடுத்து, 80 சதவீதத் திறன் (இருக்கும் பலனைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு), 5 சதவீதப் பிழை (இல்லாத பலனை இருப்பதாகக் கொள்ளும் வாய்ப்பு) என்று கணக்குப் போட்டேன், தொகுதிக்குப் பதினொன்று வந்தது. அவசியமில்லாத இரண்டு தொகுதிகளை நீக்கி 44 என்று திருத்தியதும் அனுமதி கிடைத்தது. ஆனால் முதுகலையிலும் எட்டு எட்டாகத்தான் வைத்திருந்தேன். மருந்துக்குப் பலன் இல்லை என்று முடித்திருந்தேன். பலன்தான் இல்லையா, எட்டு போதவில்லையா? அந்தச் சுண்டெலிகள் மனத்தை விட்டுப் போகவே இல்லை.

நோயெதிர்ப்பு ஆய்வாளர்:
"துன்பம் மிகுந்தால் கருணைக்கொலை செய்யப்படும்" என்று ஒரே வரி எழுதியிருந்தேன். கால்நடை மருத்துவர் அதன் கீழே கோடிட்டு, "சனிக்கிழமை இரவு யார் பார்ப்பார்கள்?" என்றார். உடன் பணிபுரிபவரின் பெயரைச் சொன்னேன். அவர் என் பக்கத்திலேயே அமர்ந்திருந்தார். அதுவரை அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு 20 சதவீத எடைக் குறைவு, கூனிய உடல், கலைந்த மயிர் என்று கண்காணிப்புத் தாள் தயாரித்தோம், இருவேளையும் கையொப்பத்துடன்.

மருந்தியல் ஆசிரியர்:
முதல் பதிவருக்கு: எட்டைப் பதினொன்றாக்கியதை ஏற்க முடியவில்லை. விலங்கு ஆய்வுக்கென 1959இல் ரஸ்ஸலும் பர்ச்சும் வகுத்த மூன்று நெறிகளில் (மாற்று வழி, குறைத்தல், செம்மைப்படுத்தல்) 'குறைத்தல்' ஒன்றல்லவா?

ஆய்வு மாணவி:
ஐயா, மொத்தம் குறைந்துதான் இருக்கிறது. விடையே தராத ஆய்வில் ஓர் உயிர் போனாலும் அது அதிகம்தான்.

குழு உறுப்பினர்:
எலி ஆய்வு விண்ணப்பம் ஒன்றில், நான்காம் பக்கத்தில் "காது ஓரச் சிரையில் ஊசி" என்றிருந்தது. முயல் ஆய்விலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியது. அன்றிலிருந்து எல்லாரிடமும் சொல்கிறேன்: எளிய மொழிச் சுருக்கத்தை முதலில் எழுதுங்கள், வீட்டில் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். விலங்குகளுக்கு "மாற்று வழி இல்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில், எந்தச் சொற்களால், என்றைக்குத் தேடினீர்கள் என்று எழுதுங்கள். வலிநிவாரணி என்றால் மருந்து, அளவு, செலுத்தும் வழி, எத்தனை மணிக்கு ஒரு முறை, எத்தனை நாள். கொடுக்கப்போவதில்லை என்றால் ஏன். எந்த விலங்கு எந்தத் தொகுதி என்பதைக் குலுக்கலில் முடிவு செய்யுங்கள். அளப்பவருக்கு அது தெரியக் கூடாது. சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்குவதைவிடக் குழாயில் ஏற்றி எடுத்தால் மிரட்சி குறைகிறது, அதையும் எழுதலாம். திட்டத்தை மாற்ற நினைத்தால் மாற்றுவதற்கு முன்பே குழுவிடம் வாருங்கள்.

நோயெதிர்ப்பு ஆய்வாளர்:
மாணவியிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த முதுகலைத் தரவை வெளியிட்டீர்களா?

ஆய்வு மாணவி:
இல்லை. பலன் தெரியாததை யார் போடுவார்கள் என்று மூடி வைத்துவிட்டேன். கோப்பு இருக்கிறது. நாளை வழிகாட்டியிடம் எடுத்துப் போகிறேன்.