மத்தங்காய் (பரங்கிக்காய்) அழுகுது, அவசரம்

கல்குளத்துக்காரன்:
வணக்கம். தோட்டத்து மத்தங்காயைப் பறித்து அடுக்கி வைத்தோம். ரெண்டு வாரம்கூட ஆகலை, ஒவ்வொன்றாக அழுகுது. நல்லா இருக்கிறதை எரிசேரி (தேங்காய் அரைத்த கறி) வைத்தால் தண்ணீர் விட்டுக் குழைந்து போகுது. ஏதாவது மருந்து அடிக்கணுமா? சாயங்காலத்துக்குள் சொல்லுங்க, மிச்சத்தை வடசேரி சந்தைக்கு அனுப்புவதா என்று முடிவு பண்ணணும்.

தோவாளை அக்கா:
தம்பி, அழுகல் எங்கே தொடங்குது? காம்பிலா, பூ உதிர்ந்த பக்கமா, தரையில் பட்ட இடத்திலா? என்ன ரகம்? எங்கே வைத்திருக்கீங்க? இதெல்லாம் சொல்லாமல் என்ன மருந்தைச் சொல்ல?

மலையோரம்:
பழ ஈதான், வேறொன்றும் இல்லை. பிஞ்சிலேயே தோலைத் துளைத்து முட்டையிட்டுவிடும். வெட்டிப் பாருங்க, புழு நெளியும். குலசேகரம் பக்கம் நாங்கள் கருவாட்டுப் பொறி கட்டாமல் காய் எடுப்பதே இல்லை.

பழையாறு:
வளர்பிறையில் பறித்தீங்களா, தேய்பிறையிலா? வளர்பிறையில் பறித்த காயில் நீர் அதிகம் என்பார்கள்.

மூத்தவர்:
இதை இங்கே பல தடவை எழுதியாச்சு. பழைய உரையாடல் இழைகளைத் தேடிப் படிக்கப் பலருக்குப் பொறுமை இல்லை. சரி, மறுபடியும் சொல்கிறேன். தோலில் நகத்தை அழுத்துங்கள். இறங்கினால் அது கறிக்காய், சேமிக்கிற காய் இல்லை. முற்றின காயில் பச்சை மங்கி, பளபளப்பு போய், மேலே சாம்பல் பூத்திருக்கும். காம்பும் காய்ந்து கெட்டியாகியிருக்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகம் விளைந்து முடிய 175 நாள், கோ 2 ஆனால் 135 நாள். விதைத்த தேதியைக்கூடக் குறித்து வைக்காதவர்களுக்குப் பிறைக் கணக்கு எதற்கு?

பழையாறு:
எங்கள் தாத்தா தேதி குறிக்கலை. அவர் காய் சித்திரை வரை இருந்தது.

தோவாளை அக்கா:
சண்டை வேண்டாம். பறிக்கும்போது கத்தியால் நாலு விரல் காம்பு விட்டு வெட்டணும். காம்பைப் பிடித்துத் தூக்கினால் அது பிய்ந்து, அந்தப் புண்ணிலேயே அழுகல் ஏறும். அப்புறம் கழுவாமல், மழை படாத, காற்று ஓடுகிற இடத்தில் பத்து நாள் போல உலர விடுங்கள். சின்னக் கீறல் இருந்தால் அதற்குள் ஆறிவிடும். பிறகு பலகையிலோ காய்ந்த கதம்பல் (தேங்காய் மட்டை) மேலோ, ஒன்றோடொன்று இடிக்காமல் வையுங்கள். துலாம் (ஐப்பசி) மழைக்காலத்தில் நம்ம ஊர் ஈரத்துக்கு வாரம் ஒருமுறை புரட்டிப் பார்க்கணும்.

சமையல்கட்டு:
முழுக் காயை ஃபிரிட்ஜில் வைக்காதீங்க. 10 டிகிரிக்குக் கீழே போனால் குளிர் தாக்கிச் சீக்கிரம் கெடும். வெட்டின துண்டுக்குத்தான் ஃபிரிட்ஜ். 10 முதல் 15 டிகிரி வரை உள்ள அறைதான் இதற்கு உத்தமம் என்பார்கள், நாகர்கோவிலில் அதற்கு எங்கே போக! எரிசேரி தண்ணீர் விடுவதற்குக் காரணம் இளங்காய். முற்றினால்தான் மாவுச்சத்து ஏறும், வைக்க வைக்க அது இனிப்பாக மாறும். இளசைப் புளிக்கறிக்கோ கூட்டுக்கோ போடுங்க. வன்பயறு (காராமணி) சேர்த்தால் எரிசேரியும் கெட்டியாகும்.

மலையோரம்:
எரிசேரியில் பயறா? எங்கள் வீட்டில் மத்தன், தேங்காய், சீரகம், மிளகு, வறுத்த தேங்காய்ப்பூ. அவ்வளவுதான்.

சமையல்கட்டு:
பயறு இல்லாவிட்டால் அது வெறும் மத்தங்காய்க் கூட்டு.

மூத்தவர்:
சேனையும் வாழைக்காயும் போட்டுச் செய்வதுதான் அசல் எரிசேரி. இது தெரியாமல் ரெண்டு பேரும்...

மலையோரம்:
அண்ணாச்சி, அதற்கும் பழைய இழை இருக்கா?

தோவாளை அக்கா:
ஒன்று மட்டும். சமைக்கும் முன் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புங்கள். கசந்தால் அந்தக் காயையே தூக்கி எறியணும். அது வயிற்றைப் பிடுங்கும் நஞ்சு, வேகவைத்தாலும் போகாது.

கல்குளத்துக்காரன்:
காம்புப் பக்கம்தான் அழுகுது. வேலைக்கு வந்தவர் திருகிப் பறித்திருக்கார். கழுவி சிமெண்ட் தரையில் அடுக்கியது. புழு இல்லை. நகம் இறங்குது. விதை சொந்தக்காரங்க கொடுத்தது, ரகம் தெரியாது. நல்ல காயெல்லாம் வண்டியில் ஏற்றியாச்சு. நன்றி.

தோவாளை அக்கா:
கொடியில் இன்னும் காய் நிற்குதா? நின்றால் அடியில் காய்ந்த ஓலை போடுங்க, மண் படக்கூடாது.

மலையோரம்:
வண்டி போயிருக்கும் அக்கா. சமையல்கட்டு, பயறை முதல்லயே ஊறவைப்பீங்களா, நேரே குக்கரில் போடுவீங்களா? சும்மா கேட்கிறேன்.