பெண்ணைப் பெண் காதலிக்கும் இளையர் நாவல்கள் நமக்கு எதற்கு?

முல்லைப்பந்தல் | இரவு 9:12

போன வாரம் ஒரு வாசகர் சந்திப்புக்குப் போயிருந்தேன். இளையர் நாவல்கள் பற்றிப் பேச்சு வந்தது. பெண்ணும் பெண்ணும் காதலிக்கும் கதைகளை ஆங்கிலத்தில் சாஃபிக் நாவல் என்று தனியாகவே பிரித்துச் சொல்கிறார்கள். பழைய கிரேக்கக் கவி சாஃபோவின் பெயரிலிருந்து வந்த சொல். "அதெல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைகளின் கதை, நமக்கு எதற்கு?" என்று ஒருவர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. சிங்கப்பூரின் தேக்காவில் ரயிலேறி ஈசூன் வந்து சேரும்வரை அதே நினைப்புதான்.

2022இல் நான் தொடக்கக் கல்லூரி (பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பு) முதலாண்டு. மலிண்டா லோ எழுதிய 'லாஸ்ட் நைட் அட் த டெலிகிராஃப் கிளப்' நாவலை அப்போதுதான் கண்டெடுத்தேன். முந்திய ஆண்டு அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது வாங்கியது. கதை நடப்பது 1954இல், சான் பிரான்சிஸ்கோவின் சைனாடவுனில். லில்லி ஹூவுக்கு 17 வயது. ராக்கெட் என்றால் பித்து. வகுப்புத் தோழி கேத் மேல் அவளுக்கு என்னவோ இருக்கிறது, அதற்குப் பெயர் வைக்கத்தான் தெரியவில்லை.

வீட்டில் பாட்டியும் நானும் ஒரே அறை. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகப் பயம். சனிக்கிழமை துணைப்பாடம் முடிந்ததும் நூலகத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு, அடுக்கிலேயே திரும்ப வைத்துவிட்டு வருவேன். மூன்றாவது சனிக்கிழமை போய்ப் பார்த்தால் புத்தகம் இல்லை. யாரோ எடுத்துப்போயிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. இந்தப் பேட்டையிலேயே இன்னொருத்தி இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் யாரென்று இன்றுவரை தெரியாது.

அந்தக் கதையில் என்னைக் கண்டது காதல் காட்சிகளில் அல்ல. லில்லியின் அப்பா மருத்துவர். தன்னிடம் வந்த ஒருவரைக் கம்யூனிஸ்ட் என்று காட்டிக்கொடுக்க மறுக்கிறார், அதற்காக அவருடைய குடியுரிமைத் தாள்களை அதிகாரிகள் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அதன் பிறகு லில்லி எதற்கு ஆசைப்பட்டாலும் அப்பாவின் தாள், அம்மாவின் மானம், தம்பிகள் எல்லாம் கூடவே வந்து நிற்கின்றன. அதுவரை நான் படித்த காதல் கதைகளில் காதலிப்பவர்கள் தனியாட்களாக இருந்தார்கள். இவளுக்குப் பின்னால் ஒரு வீடே இருந்தது. எனக்கும் அப்படித்தான். நமக்கு எதற்கு என்று கேட்டவருக்கு இதுதான் என் பதில்.

தேக்கா வாசகர் | இரவு 9:50

சகோதரி, நூலக அடுக்கில் புத்தகம் இல்லாத அந்தச் சனிக்கிழமை என் மனத்தில் தங்கிவிட்டது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நாற்பது ஆண்டுகளாகப் படிக்கிறேன். என்னைக் காண்பதற்காகவா படித்தேன்? என்னை விட்டு வெளியே போகத்தான் படித்தேன். பனியையே பார்த்திராத நான் ரஷ்யக் கதைகளில் குளிரால் நடுங்கியிருக்கிறேன்.

நம் அகப்பாடல்களை நினைத்துப் பாருங்கள். அகத்திணையில் காதலர் யாருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியம் விதி வைத்திருக்கிறது. ஏன்? யார் வேண்டுமானாலும் உள்ளே நுழையலாம் என்பதற்காக. செம்புலத்தில் பெய்த மழை போல நெஞ்சங்கள் கலந்தன என்ற குறுந்தொகைப் பாட்டில் 'யானும் நீயும்' என்றுதான் இருக்கிறது. ஆணும் பெண்ணும் என்று இல்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே திறந்து வைத்த கதவு இருக்கும்போது, இன்ன வகைப் பெண்ணுக்கு இன்ன வகை நாவல் என்று அடுக்குப் பிரிப்பது இலக்கியத்தைக் குறுக்குகிறது.

இன்னொன்று. இந்த வகையில் நாலைந்து படித்தேன். கடைசியில் இருவரும் சேர்ந்தே ஆக வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம் போலத் தெரிகிறது. முடிவை முன்கூட்டியே தீர்மானித்துவிட்ட கதையில் உண்மைக்கு எங்கே இடம்?

உயர்நிலை ஒன்றின் அம்மா | இரவு 10:20

யாரையும் காயப்படுத்த எழுதவில்லை. என் மூத்த மகளுக்கு 13 வயது. அவளுக்கும் அவள் உயிர்த்தோழிக்கும் ஒரே நிறத்தில் பை, ஒரே நிறத்தில் தண்ணீர்ப் புட்டி. இரவு படுக்கும்வரை கைப்பேசியில் பேச்சு. எனக்கும் அந்த வயதில் அப்படி ஒரு தோழி இருந்தாள். அது வேறு எதுவும் இல்லை. இப்படி ஒரு நாவலைப் படித்தால், தானாக வளர்ந்து தெளிய வேண்டிய ஒன்றுக்கு அவள் அவசரமாக ஒரு பெயரை ஒட்டிக்கொள்வாளோ என்றுதான் என் பயம்.

2014இல் இரண்டு ஆண் பெங்குவின்கள் குஞ்சு வளர்க்கும் படக்கதையை இங்கே நூலகத்தார் எடுத்துவிட்டார்கள். எதிர்ப்பு வந்த பிறகு பெரியவர்கள் பகுதிக்கு மாற்றினார்கள். கூழாக்கப் போகிறோம் என்று சொன்னது தவறு, புத்தகத்தை யாரும் அழிக்கக்கூடாது. ஆனால் பெரியவர்கள் பகுதியில் வைத்தது எனக்குச் சரியாகவே பட்டது. எப்போது கொடுப்பது என்பதைப் பெற்றவர்கள் முடிவு செய்யட்டும்.

ஆலமரத்தடி | இரவு 11:05

எனக்கு 44 வயது. 1990களில் உயர்நிலைப் பள்ளியில் படித்தவள்.

தேக்கா வாசகர் ஐயா, சேர்ந்தே ஆக வேண்டும் என்ற சட்டத்தைச் சொன்னீர்கள். அதற்கு முன்பு பிரிந்தே ஆக வேண்டும் என்ற சட்டம் இருந்தது. அது நிஜமாகவே பதிப்பாளர் போட்ட சட்டம். 1952இல் அமெரிக்காவில் 'ஸ்பிரிங் ஃபயர்' என்ற மலிவுப் பதிப்பு நாவல் வந்தது. முடிவு மகிழ்ச்சியாக இருக்கக்கூடாது, இருந்தால் அஞ்சலில் அனுப்பும்போது பறிமுதல் செய்துவிடுவார்கள் என்று பதிப்பாசிரியர் எழுத்தாளரிடம் முன்பே சொல்லிவிட்டார். அதே ஆண்டு பட்ரீஷியா ஹைஸ்மித் நம்பிக்கையோடு முடியும் ஒரு நாவலை வெளியிட்டார், அதற்கு வேறு பெயரில் ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது. பள்ளிப் பெண்கள் இருவர் கடைசியில் சேரும் 'ஆனி ஆன் மை மைண்ட்' 1982இல்தான் வந்தது. அதையும் 1993இல் கான்சஸ் நகரில் எரித்தார்கள். இவ்வளவுக்குப் பிறகு கிடைத்த மகிழ்ச்சியான முடிவு அது ஐயா. வெறும் சூத்திரம் என்று தள்ளிவிடாதீர்கள்.

எனக்கு 16 வயதில் கிடைத்த கதைகளில் என்னைப் போன்றவள் செத்துப்போனாள், இல்லாவிட்டால் பைத்தியமானாள். நானும் சீக்கிரம் போய்விடுவேன் என்று உண்மையாகவே நம்பினேன். பிறகு எலினார் வோங்கின் நாடகங்களைப் பற்றித் தெரிந்துகொண்டேன். இதே சிங்கப்பூரில், எலன் டோ என்ற வழக்கறிஞர், பெண்களைக் காதலிப்பவர், வேலைக்குப் போகிறார், வாதாடுகிறார், உயிரோடு இருக்கிறார். வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ளட்டும்.

அந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை. பெயர் எப்படியும் உங்கள் மகள் காதில் விழும். பள்ளிக் கழிப்பறையில், பேருந்தின் பின் இருக்கையில். நாவலில் வரும் பெயராவது மரியாதையான பெயர்.

முல்லைப்பந்தல் | இரவு 11:40

தேக்கா வாசகர் ஐயா, அந்தக் குறுந்தொகைப் பாட்டை உயர்நிலை நான்கில் படித்தபோது நான் ஒரு தோழியை நினைத்துக்கொண்டுதான் படித்தேன். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் பாட்டோடு கொடுக்கும் குறிப்பைப் பார்த்தீர்களா? 'தலைமகன் கூறியது'. பாட்டில் பெயர் இல்லை, குறிப்பில் ஆண் இருக்கிறான். ஆசிரியை அதைத்தான் எழுதிக்கொள்ளச் சொன்னார், தேர்விலும் அதைத்தான் எழுதினேன். மதிப்பெண் கிடைத்தது. வீட்டுக்கு வந்து வெகுநேரம் அழுதேன்.

1990இல் ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கறுப்பினப் பிள்ளைகளை நினைத்து ஒரு கட்டுரை எழுதினார். பிள்ளைகளுக்குப் புத்தகம் சன்னலாகவும் இருக்க வேண்டும், கண்ணாடியாகவும் இருக்க வேண்டும் என்றார். எல்லாப் பக்கமும் கண்ணாடி இருக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சன்னல் போதும் என்று தோன்றுவது இயல்பு. எனக்கு முகம் பார்க்க ஒன்று வேண்டியிருந்தது.

அம்மா, உங்களை 'அம்மா' என்றே கூப்பிடுகிறேன், என் அம்மாவும் இதையேதான் சொல்வார். 2021இல் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இதைப் பற்றித் தனக்குப் புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, உளவியல் நிபுணர் ஒருவரிடம் தானே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். அடுத்த ஆண்டு தமிழ்நாடு அரசு, இப்படிப்பட்டவர்களை எந்தச் சொல்லால் குறிக்கலாம் என்று அரசிதழில் ஒரு பட்டியலே வெளியிட்டது. தன்பாலீர்ப்பு போன்ற சொற்களை நான் தெரிந்துகொண்டது அதற்குப் பிறகுதான். அதற்கு முன்பு இதைத் தமிழில் சொல்ல என்னிடம் வசைச்சொல் மட்டும்தான் இருந்தது.

பேட்டைப் பெண் | இரவு 11:58

நான் முல்லை அக்காவின் பக்கம்தான் நிற்க வேண்டும், ஏனென்றால் நானும் அப்படிப்பட்டவள்தான். வயது 19. ஆனால் இந்த நாவல்கள் எனக்குக் கண்ணாடியாக இல்லை.

பெரும்பாலான கதைகளில் பெண்ணுக்கு 17 வயது. தனக்கென ஒரு கார் இருக்கும். ஆண்டிறுதி நடன விருந்து இருக்கும். கடைசி அத்தியாயத்தில் வேறு மாநிலத்துக்குப் படிக்கப் போவாள், அங்கே தனக்கென ஓர் அறை. அதுதான் விடுதலை. நான் எங்கே போவேன்? பல்கலைக்கழகம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம். தனியாளாக வீவக வீடு, அதாவது அரசு அடுக்குமாடி வீடு, வாங்க 35 வயதாக வேண்டும். இருவரும் அந்த வயதைத் தாண்டினால் தனியாட்கள் என்ற பெயரில் சேர்ந்து வாங்கலாம், இணையர் என்று அல்ல. தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப்பிரிவு 2022 நவம்பரில் நாடாளுமன்றத்தில் நீக்கப்பட்டபோது எல்லாரும் கொண்டாடினார்கள். அந்தச் சட்டம் ஆண்களைப் பற்றி மட்டும்தான் பேசியது. தடை செய்யக்கூட எங்களை நினைக்கவில்லை. அதே நாளில் திருமணத்தின் பொருளை நீதிமன்றத்தில் யாரும் கேள்வி கேட்காதபடி அரசமைப்பையும் திருத்தினார்கள். அப்படியானால் என் கதையின் கடைசி அத்தியாயம் 35 வயதில் கையில் வரும் சாவி. அதை இளையர் நாவலில் எப்படி எழுதுவது?

அடிபா ஜெய்கிர்தாரின் 'த ஹென்னா வார்ஸ்' மட்டும் கொஞ்சம் கிட்டே வந்தது. டப்ளினில் வாழும் வங்காளக் குடும்பம். நிஷாத் வீட்டில் உண்மையைச் சொன்னதும் யாரும் கத்தவில்லை, பேசாமல் போய்விடுகிறார்கள். அந்தப் பேசாமை எங்கள் வீட்டில் அப்படியே உண்டு. ஆனாலும் அவர்கள் வீடு வங்காள வீடு. எனக்கு மூன்று தெரு தள்ளி இருக்கும் வீடு போல இருந்தது, என் வீடாக இல்லை. தமிழில், இந்தப் பேட்டையில், அடுக்குமாடியின் கீழே இருக்கும் வெற்றுத்தளத்தில் நடக்கும் கதை வேண்டும். அதுவரை கண்ணாடி கிடைத்துவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அக்கா.

முல்லைப்பந்தல் | நள்ளிரவு 12:10

தங்கச்சி, நீ சொல்வது சரிதான். லில்லி வீட்டில் தமிழ் இல்லை, சாமி அறை இல்லை. எனக்குக் கிடைத்தது முழு முகம் அல்ல, பாதிதான். அந்தப் பாதி கிடைத்திராவிட்டால் மீதியைத் தேடியிருக்கவே மாட்டேன். நீயே எழுதேன்.

தேக்கா வாசகர் | நள்ளிரவு 12:25

குறிப்பில் ஆண் இருக்கிறான் என்றீர்கள். உண்மை. அதை இத்தனை ஆண்டுகளில் நான் யோசித்ததில்லை. அடுக்குப் பிரிப்பது பற்றிய என் கருத்து மாறவில்லை. ஆனால் அந்தக் குறிப்புகள் பின்னால் சேர்த்தவை, பாட்டு அவற்றைவிடப் பெரியது என்று வகுப்பில் யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

பேட்டைப் பெண் எழுதுவதானால் ஒரு வழி சொல்கிறேன். அகத்தில் 'அறத்தொடு நிற்றல்' என்று ஒரு துறை உண்டு. தலைவி தன் காதலை வீட்டில் தானே சொல்ல மாட்டாள். தோழி செவிலியிடம் (வளர்த்த தாய்) சொல்வாள், செவிலி நற்றாயிடம் (பெற்ற தாய்) சொல்வாள், அங்கிருந்து தந்தைக்குப் போகும். வீட்டில் உண்மையைச் சொல்வதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. டப்ளின் வழியைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

உயர்நிலை ஒன்றின் அம்மா | நள்ளிரவு 12:31

இவ்வளவு நேரம் தூங்காமல் இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். என் எண்ணம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். 13 வயது சின்ன வயதுதான். லில்லியின் கதையை முதலில் நான் படிக்கிறேன். மகளிடம் கொடுப்பேனா என்று இப்போது கேட்காதீர்கள். அந்த லில்லியின் அம்மா என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

பேட்டைப் பெண் | நள்ளிரவு 12:44

ஐயா, நிஷாத்தின் கதையில் அவள் தங்கை பிரீத்தி கிட்டத்தட்ட அந்தத் தோழி வேலையைத்தான் செய்கிறாள், இப்போதுதான் தோன்றுகிறது. நான் ஏற்கெனவே 11 பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். புளோக் கீழே இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், மேலே ஒன்பதாவது மாடியில் அம்மா காத்திருக்கிறார். நீங்கள் சொன்ன துறையை வைத்து அடுத்த பக்கத்தை எழுதப் பார்த்தேன், நகரவில்லை. என் கதையில் தோழியைத்தானே அவள் காதலிக்கிறாள். அப்படியானால் அம்மாவிடம் போய்ச் சொல்வது யார்?