நான் பேசிய ஒலிப்பதிவைக் கேட்டு வாங்க முடியுமா?

கேள்வி:
என் இன்சூரன்ஸ் கிளெய்மைத் தள்ளிவிட்டார்கள். ‘பழைய முதுகுவலி’ என்று நானே போனில் சொன்னேனாம். சத்தியமாகச் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும் நிறுவனம். அந்தப் பதிவு கிடைக்குமா?

பதில் 1:
கேளுங்கள், உங்கள் உரிமை அது. ஜிடிபிஆர் (ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம்) 15ஆம் பிரிவு. முதல் நகலுக்குக் கட்டணம் கிடையாது. ‘எல்லாத் தரவும் வேண்டும்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். பேசிய தேதி, நேரம், எந்த எண்ணிலிருந்து என்று எழுதுங்கள். எனக்கு அப்படி எழுதிய பிறகுதான் கிடைத்தது.

பதில் 2:
ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். சிக்கலான கோரிக்கை என்றால் இன்னும் 2 மாதம் எடுக்கலாம்; அதையும் முதல் மாதத்திலேயே சொல்லிவிட வேண்டும். மின்னஞ்சலில் அனுப்புங்கள், தேதிக்குச் சான்று இருக்கும்.

கேட்டவர்:
சரி, அழைப்புப் பட்டியலில் தேடி எடுத்துவிட்டேன். 14 நிமிடம் பேசியிருக்கிறேன். இன்றிரவே எழுதுகிறேன். நன்றி.