எதுக்களிப்புக்கு பார்லி இலைப் பொடி: குடித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்

கோட்டையூரான்

எல்லோருக்கும் வணக்கம். வயது 44, காரைக்குடியில் பலகாரக் கடை வைத்திருக்கிறேன். கடையை அடைத்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட இரவு பத்தரை ஆகிவிடும், முகூர்த்த மாதம் என்றால் கேட்கவே வேண்டாம். சாப்பிட்டுக் கட்டிலில் சாய்ந்த கொஞ்ச நேரத்தில் நெஞ்சு கரிக்க ஆரம்பித்து, புளித்த தண்ணீர் தொண்டை வரைக்கும் எதுக்களித்து வருகிறது, எழுந்து உட்கார்ந்தால்தான் அடங்கும். டாக்டர் பான்டோபிரசோல் 40 எழுதிக் கொடுத்தார். ராத்திரி சாப்பிட்டு முடித்துப் படுக்கப் போகும்போது போட்டுக்கொள்வேன். போடுகிற நாளில் பரவாயில்லை, விட்டால் பழைய குருடி கதவைத் திறடி.

படைப்புக்கு மலேசியாவிலிருந்து வந்த பங்காளி ஒருத்தர் ஒரு டப்பா பார்லி இலைப் பொடி கொடுத்துவிட்டுப் போனார். வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன் கலக்கிக் குடித்தால் வயிறே ஆல்கலைன் ஆகிவிடும், அதாவது அமிலத்தன்மை போய்விடும், மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்கிறார். அங்கே நிறையப் பேர் குடிக்கிறார்களாம். டப்பா தீர்ந்தால் நான் காசு கொடுத்து வாங்க வேண்டும், விலையைப் பார்த்தால் இன்னொரு தடவை நெஞ்சு எரிகிறது.

உண்மையில் கேட்குமா? மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கலாமா? பார்லி வாங்கி வீட்டிலேயே வளர்த்துக்கொள்ள முடியுமா? அப்பச்சியும் எனக்கு ஒரு டம்ளர் கொடு என்று நிற்கிறார், அவருக்கு 71, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். பார்லி தண்ணீர் நம் வீடுகளில் காலகாலமாகக் காய்ச்சுவதுதானே, அதனால் தப்பில்லை என்று நினைக்கிறேன்.

தேவகோட்டை ஆச்சி

தம்பி, நான் கொஞ்ச காலம் குடித்தவள், அதனால் சொல்கிறேன். முதலில் ஒன்று, நம் வீட்டில் காய்ச்சுகிற பார்லி தண்ணீர் வேறு, இது வேறு. அது தானியத்தை வேகவைத்து வடித்த கஞ்சித் தண்ணீர். இது கதிர் விடுவதற்கு முன்னால், பயிர் ஒரு சாண் வளர்ந்ததும் இலையை அறுத்துக் காயவைத்துப் பொடித்தது. ஒன்றுக்குச் சொன்ன குணத்தை இன்னொன்றுக்கு ஏற்றிச் சொல்லக் கூடாது.

கலக்கும்போது குளிர்ந்த தண்ணீர்தான், வெந்நீரில் போட்டால் பச்சை நிறம் பழுப்படித்து மாட்டுக்கொட்டகை வாசம் வரும். பொடி லேசில் கரையாது, மேலே முடிச்சு முடிச்சாக மிதக்கும். நான் மோர் கடைகிற சின்ன மத்தால் கடைவேன், டம்ளர் ஓரத்தில் பச்சை நுரை கட்டி நிற்கும், பேத்தி பார்த்துவிட்டு ஆயா பாசி குடிக்கிறாள் என்று வீடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பலன்? வயிறு காலையில் சுலபமாகக் கழிந்தது, அது நிஜம். ஆரம்பத்தில் உப்புசமும் இருந்தது. எதுக்களிப்புக்கு அது என்ன செய்தது என்று கேட்டால், ஒன்றும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. எனக்கு அது நின்றது ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்குக் கொண்டுவந்த பிறகுதான். இரண்டையும் ஒரே சமயத்தில் ஆரம்பித்திருந்தால் நானும் பொடிக்குத்தான் பெயர் கொடுத்திருப்பேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வெளியூர்க்காரர்கள் எல்லாம் செட்டிநாட்டுக் காரம்தான் நெஞ்செரிச்சலுக்குக் காரணம் என்று நம் மிளகையும் மிளகாயையும் பழிப்பார்கள். காரம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆடு கோழியோடு வயிறு முட்டச் சாப்பிட்டு, மேலே ஒரு கந்தரப்பம், ஒரு சீயம், அதற்கும் மேலே ஒரு கோலி சோடா என்று இறக்கிவிட்டு உடனே படுத்தால் மிளகு என்ன செய்யும்? எண்ணெயும் கொழுப்பும் இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் இறங்கும், அதற்குள் நாம் குறட்டை விட ஆரம்பித்திருப்போம். நீங்கள் பலகாரக் கடை வேறு. அடுப்படியில் நின்று வாயில் போடுகிற துண்டும் துணுக்கும் கணக்கில் வராதா?

ஹெல்தி லைஃப் காரைக்குடி

ஆச்சி குடித்தது தரம் குறைந்த பொடியாக இருக்கும். எங்களிடம் ஒரிஜினல் உண்டு. உடம்பில் அமிலம் இருப்பதால்தான் எல்லா நோயும் வருகிறது, பார்லி புல் ரத்தத்தையே ஆல்கலைன் ஆக்கிவிடும், அசிடிட்டி, சுகர், பிரஷர், மூட்டு வலி, கேன்சர் வரைக்கும் கட்டுப்படும். மாத்திரை விஷம். மூன்று டப்பா எடுத்தால் ஒன்று இலவசம், வீட்டுக்கே கொண்டுவந்து தருவோம்.

மருந்துக்கடைத் தம்பி

மேலே இருக்கிற பதிவை யாராவது பார்த்து ஏற்பாடு செய்யுங்கள். உணவுப் பொருளை நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி விற்கவே நம் நாட்டுச் சட்டத்தில் இடமில்லை, அதிலும் கேன்சர் வரைக்கும் போய்விட்டார்.

கோட்டையூர் அண்ணே, நான் பார்மசிஸ்ட், டாக்டர் இல்லை, கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று தினமும் இதையே பார்க்கிறவன். ஆல்கலைன் கதையை முதலில் முடித்துவிடுவோம். பிஎச் என்பது புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடுதல். இரைப்பையில் பிஎச் சுமார் 1.5 முதல் 3.5 வரை, செரிமானத்துக்கு அந்தப் புளிப்பு வேண்டும். இந்தப் பொடி கலந்த தண்ணீர் ஒரு டம்ளர் போனால் கொஞ்ச நேரம் அது நீர்த்துப்போகும், அப்புறம் வயிறு மறுபடி சுரந்துகொள்ளும். அங்கிருந்து சிறுகுடலுக்குப் போனதும் கணையம் அமிலத்தை முறிக்கிற பைகார்பனேட்டைச் சுரந்து எல்லாவற்றையும் சமன் செய்துவிடும். ரத்தத்தின் பிஎச் 7.35 முதல் 7.45க்குள்தான் நிற்கும், அதை நுரையீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. நாம் குடிப்பதை வைத்து அது ஏறி இறங்கினால் ஐசியூவில்தான் படுத்திருப்போம்.

உங்கள் பிரச்சினை அமிலம் அதிகம் சுரப்பது என்பதைவிட, அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் மேலே வருவதுதான். உணவுக்குழாய் இரைப்பையில் சேருகிற இடத்தில் ஒரு சுருக்குத் தசை உண்டு, அது தளர்ந்தால் எதுக்களிப்பு. வயிறு நிறைந்திருந்தால், தொப்பை இருந்தால், சாப்பிட்டதும் படுத்தால், சிகரெட் பிடித்தால், தொடை இடுக்கில் வருகிற குடலிறக்கம் மாதிரி மேல் வயிறு மார்புக்குள் ஏறியிருந்தால் அது தளரும் அல்லது தோற்கும். காப்பி, சாக்லேட், சாப்பாட்டுக்குப் பின் போடுகிற பெப்பர்மின்ட் கூடச் சிலருக்குத் தளர்த்தும். பார்லி இலை அந்தத் தசையை இறுக்கும் என்று சொல்ல நல்ல ஆய்வு எதுவும் கிடையாது. சில பேர் ஜப்பானில் பெரிய ஆராய்ச்சி நடந்தது என்று காட்டுவார்கள், அது முளைகட்டிய பார்லித் தானியத்திலிருந்து எடுத்ததைப் பெருங்குடல் புண் நோய்க்குக் கொடுத்துப் பார்த்தது. இலையும் இல்லை, எதுக்களிப்பும் இல்லை. ஜப்பானில் அவோஜிரு என்று பச்சைச் சாறு குடிக்கிறார்கள், அது கீரை மாதிரி ஒரு சத்துக்காக, அவ்வளவுதான்.

இப்போது மாத்திரை. பான்டோபிரசோலைச் சாப்பிட்டு முடித்துப் போடுகிறீர்கள், பாதி வேலை அங்கேயே வீண். அது சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி முன்னால் போட வேண்டியது, சாப்பாட்டுக்காக வயிறு அமிலம் சுரக்கத் தொடங்கும்போது மருந்து ரத்தத்தில் இருக்க வேண்டும். உங்களுக்குத் தொல்லை ராத்திரியில் என்பதால் காலையா ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலா என்று எழுதிக்கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள். ரொம்ப நாள் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிடக் கூடச் சுரந்து கொஞ்ச காலம் படுத்தும். அந்த நேரம் பார்த்துப் பொடியை ஆரம்பித்தால் பொடியின் மேல் பழி விழும், இல்லாவிட்டால் அது தானாக அடங்கும்போது பொடிக்குப் புகழ் போகும்.

இரண்டு கேள்வி. அப்பச்சி சாப்பிடும் மாத்திரையின் பெயர் என்ன? நீங்கள் வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?

கோட்டையூரான்

தம்பி, அட்டையைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அப்பச்சிக்கு இருதய வால்வு மாற்றியிருக்கிறது, அசிட்ரோம் 2 என்று இருக்கிறது, மாதா மாதம் ரத்தம் எடுத்து ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) பார்க்கிறோம். எனக்கு பிரஷருக்கு அம்லோடிபின் 5 மட்டும். சுகர் இல்லை. சிகரெட் இல்லை, தொப்பை உண்டு.

மருந்துக்கடைத் தம்பி

அப்பச்சிக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அசிட்ரோம் வேலை செய்வதே ரத்தம் உறைய உதவுகிற வைட்டமின் கே-யைத் தடுத்துத்தான், பச்சை இலைப் பொடியில் இருப்பதும் அதே வைட்டமின் கே. ஐஎன்ஆர் இறங்கிவிட்டால் செயற்கை வால்வில் ரத்தம் உறைந்து நிற்கும், அது விளையாட்டில்லை. முருங்கைக்கீரைக்கும் இதே கதைதான், கீரையே கூடாது என்பதில்லை, வாராவாரம் ஒரே அளவாக இருக்க வேண்டும், ஒரு வாரம் தினமும் மறு வாரம் சுத்தமாக இல்லை என்று இருக்கக் கூடாது. பொடி மாதிரி புதிதாக ஒன்றை அவராக ஆரம்பிக்கவே கூடாது. இருதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் கட்டாமல் இருக்க குளோபிடோக்ரல் என்கிற வேறு வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த வைட்டமின் கே சிக்கல் இல்லை, அவர்கள் வேறு ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நெஞ்செரிச்சலுக்கு ஒமிபிரசோலைத் தாங்களாக வாங்கிப் போடக் கூடாது, அது குளோபிடோக்ரலின் வேலையைக் குறைக்கும் என்று 2009லேயே அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்திருக்கிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்தப் பொடியில் இருக்கும் பொட்டாசியமும் தொல்லை.

உங்கள் அம்லோடிபினும் அந்தச் சுருக்குத் தசையைக் கொஞ்சம் தளர்த்தக் கூடியது. எல்லோருக்கும் இல்லை. பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாமல், எதுக்களிப்பு அதைப் போட ஆரம்பித்த பிறகு கூடியதா என்று யோசித்து அடுத்த தடவை டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மாற்ற முடியும்.

சாப்பாடு தொண்டையில் சிக்குகிறது, எடை காரணமில்லாமல் குறைகிறது, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது, ரத்த வாந்தி, இதில் ஒன்று இருந்தாலும் பொடியும் வேண்டாம், இந்த விவாதமும் வேண்டாம், எண்டோஸ்கோபிக்குப் போங்கள். மாடிப்படி ஏறும்போது நெஞ்சு எரிந்து வேர்த்தால் அது வயிறு என்று உட்கார்ந்திருக்காமல் ஈசிஜி எடுங்கள்.

பள்ளத்தூர் விவசாயி

வளர்ப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பலசரக்குக் கடையில் கிடைக்கிற வெள்ளை பார்லி உமியும் தவிடும் தீட்டியது, அதை எத்தனை நாள் ஊறவைத்தாலும் முளைக்காது, புளித்து நாறும். உமியோடு இருக்கும் விதை பார்லி வேண்டும், அதுவும் மருந்து தடவாத விதை. பார்லி ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம் பக்கம் குளிர்காலத்தில் விளைகிற பயிர், நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்குத் தட்டில் போட்டால் வேரடியில் வெள்ளைப் பூஞ்சைதான் வரும். மார்கழி, தையில் வளவு ஓரத்தில் நிழலும் காற்றும் இருக்கிற இடமாக வைத்தால் வரும். நான் போட்டது ஆட்டுக்குத்தான், ஆடு விரும்பித் தின்றது, அதற்கு நெஞ்செரிச்சல் இருந்ததா என்று கேட்கவில்லை.

தேவகோட்டை ஆச்சி

நார்ச்சத்துதான் வேண்டும் என்றால் இசப்கோல் போதுமே, மருந்துக்கடைத் தம்பி என்ன சொல்கிறீர்கள்?

மருந்துக்கடைத் தம்பி

ஆச்சி சொல்வது சரி. ஒரு டீஸ்பூன் பொடி மூன்று நான்கு கிராம், அதில் நார்ச்சத்து அதற்கும் குறைவு, நமக்கு ஒரு நாளைக்கு 30 கிராம் வாக்கில் தேவை. இசப்கோலுக்காவது ஒரு சின்ன ஆய்வு இருக்கிறது, 2018ல் ரஷ்யாவில் நார்ச்சத்து குறைவாகச் சாப்பிட்டு நெஞ்செரிச்சல் இருந்தவர்களுக்கு 5 கிராம் வீதம் தினம் மூன்று வேளை கொடுத்ததில் எரிச்சல் குறைந்தது. சிறிய ஆய்வுதான், பெரிதாக நம்ப வேண்டாம், ஆனால் விலை குறைவு.

அதைவிட நிச்சயமானது கட்டில். தலைமாட்டுக் கால் இரண்டுக்கும் அடியில் கட்டையோ செங்கல்லோ வைத்து அரை அடி உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி இன்னும் மோசமாகும். இடப்பக்கம் சரிந்து படுத்தால் இரைப்பை கீழேயும் உணவுக்குழாய் மேலேயும் வரும். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னால் சாப்பாடு முடிய வேண்டும், உங்கள் கடையில் அது முடியாது என்றால் ஏழு மணிக்கு இட்லியோ இடியாப்பமோ கடையிலேயே முடித்துவிட்டு, வீட்டில் பத்தரைக்கு ஒரு டம்ளர் மோரோடு நிறுத்துங்கள். தொப்பை குறைந்தால் மாத்திரையே தேவைப்படாமல் போகலாம்.

கோட்டையூரான்

எல்லோருக்கும் நன்றி. அப்பச்சியிடம் ஐஎன்ஆர் விஷயத்தைச் சொன்னேன், முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டார். பங்காளி கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் பாக்கி. கையில் இருக்கிற டப்பாவை நான் மட்டும் குடித்துத் தீர்த்தால் ஒன்றும் ஆகாது இல்லையா? ஏழு மணிக்குக் கடையில் சாப்பிடுவதற்கு வீட்டில் சம்மதம் வாங்கியாயிற்று. கட்டில்தான் சிக்கல், ஐயா காலத்துத் தேக்குக் கட்டில், நான்கு ஆள் இல்லாமல் அசையாது. இசப்கோலை எப்போது போடட்டும்?

மருந்துக்கடைத் தம்பி

உங்களுக்கு வேறு மருந்து பிரஷர் மாத்திரைதான், சிறுநீரகம் சரியாக இருந்தால் ஒரு ஸ்பூன் குடித்துத் தீர்க்கலாம், மாத்திரையை விடாமல். இசப்கோலை சாயங்காலம் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு, மற்ற மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டு. படுக்கப் போகும்போது போடாதீர்கள், தண்ணீர் குறைந்தால் தொண்டையில் ஊதி அடைக்கும். கட்டிலுக்குக் கடைப் பையன்களைக் கூப்பிடுங்கள் அண்ணே.