மேலூர் நெல் வரத்து: தண்ணீர் திறந்த தேதியை வைத்து லாரி பேசலாமா?

மேலூர்_அரவை: செப்டம்பர் 15ல் பெரியாறு கால்வாயில் தண்ணீர் திறந்தால், ஜனவரி 15க்கு 30 லாரி என்று இப்போதே முன்பணம் கொடுத்துவிடலாமா? வெள்ளலூர்ப் பக்கம் 150 ஏக்கர் நெல்.

மடைக்கணக்கு: வேண்டாம் அண்ணே, லாரி வந்து சும்மா நிற்கும். கள்ளந்திரி வரைதான் இருபோகம், 45,041 ஏக்கர். நீங்கள் சொல்வது அதற்குக் கீழே, ஒருபோகம். திருமங்கலம் கால்வாயையும் சேர்த்து 1,05,002 ஏக்கர். அரசாணையில் வழக்கமாக வருவது வினாடிக்கு 1,130 கன அடி, 45 நாள் முழுசாக, 75 நாள் முறை வைத்து (சில நாள் விட்டு, சில நாள் அடைத்து), மொத்தம் 8,461 மில்லியன் கன அடி. வைகை அணை 71 அடிக்கு நிரம்பினாலும் 6,091தான். மீதி பெரியாற்று வரத்தும் மழையும் கொடுக்க வேண்டியது. அதோடு மதுரைக்குக் குடிதண்ணீரும் வைகையிலிருந்துதான். வரத்து குறைந்தால் முறைக்கு இடைவெளி கூடும், முதலில் காய்வது கடைமடை.

அதனால் மடை திறந்த நாளை விடுங்கள், நாற்று பாவிய தேதியைக் கேளுங்கள். கோ 51 நெல் ரகம் என்றால் பாவியதிலிருந்து 105 முதல் 110 நாள். பி.பி.டி. பொன்னி ரகம் அதைவிட ஒரு மாதத்துக்கு மேல் இழுக்கும். கிணறு வைத்திருப்பவர் தண்ணீருக்கு முன்னாலேயே பாவியிருப்பார். ஒரே ஊரில் அறுப்பு ஆறு வாரத்துக்குப் பரவும்.

சுமைவண்டி: லாரி எண்ணிக்கை சரிதான். ஏக்கருக்கு 40 கிலோ மூடை 60 என்று வைத்தால் 5 ஏக்கருக்கு 300 மூடை, 12 டன், ஒரு ஆறு சக்கர லாரி. ஒரே நாளில் 30ஐ நிறுத்தாதீர்கள், நாளைக்கு இரண்டு மூன்று போதும். கால்வாய்க் கரையில் லோடு லாரியை ஏற்றவே கூடாது. மழை ஊறிய கரை உள்வாங்கும், அப்புறம் ஜேசிபி வாடகை தனி. தார்ச்சாலையில் நிறுத்தி டிராக்டரில் 75 மூடையாக நான்கு நடை அடியுங்கள். வயல் ஈரமாக இருந்தால் டயர் வைத்த அறுவடை வண்டி புதையும், செயின் வண்டிதான் அறுக்கும். அதைத் தார்ச்சாலையில் ஓட்டக்கூடாது, ஏற்றிக் கொண்டுவரும் செலவும் சேரும்.

ஜனவரி 14 முதல் 17 வரை சுமை தூக்க ஆள் கிடைக்காது. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு மூன்றும் அந்த வாரம்தானே!

மேலூர்_அரவை: ஈரப்பதம் கூடுதலாக இருந்தால் எடையில் எவ்வளவு கழிப்பது?

மடைக்கணக்கு: 22 சதவீதத்தில் 1,000 கிலோ வாங்கி 17க்குக் காயவைத்தால் 940 கிலோதான் நிற்கும் (1,000 × 78 ÷ 83). டன்னுக்கு ஒன்றரை மூடை காற்றில் போகும். கொள்முதல் நிலையத்திலும் வழக்கமான வரம்பு 17தான். அறுத்த ஈரத்தோடு தார்ப்பாய் மூடி ராத்திரி முழுக்க லாரியில் வைத்தால் சூடேறி அரிசி மஞ்சளிக்கும். வியாபாரி மூடைக் கணக்கில் பேசினால், எத்தனை கிலோ மூடை என்று முதலில் கேட்டுவிடுங்கள். எல்லா இடத்திலும் 40 இல்லை.