சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாம் ஆன்லைன்ல மட்டும் போதுமா?

மலைக்காட்டான்: ஏற்காடு பக்கத்துல இருந்து எழுதறேங்க. எங்கூர் பெரியவர் ஒருத்தருக்கு வருமானச் சான்று வேணும், போன் கிடையாது, பேரன் நம்பரைத்தான் குடுத்திருக்காரு, பேரன் திருப்பூர்ல. ஓடிபி அங்க போகுது, இவரு இங்க இ-சேவை மையத்துல நிக்கறாரு, டவர் கிடைச்சு பேரனைப் பிடிக்கறதுக்குள்ள டைம் முடிஞ்சிருது. பேப்பர்லயும் மனு வாங்குங்கன்னு கேக்கறது தப்பா?

செவ்வாய்ப்பேட்டை சிவா: தப்புதாங்க. பேப்பர் காலத்துல தாலுக்கா ஆபீஸ் வாசல்ல புரோக்கர் இல்லாம ஒரு வேலை நடந்துச்சா? இப்ப 60 ரூபா கட்டுனா மனு நம்பரோட ரசீது, எங்க நிக்குதுன்னு பாத்துக்கலாம். வில்லங்கச் சான்று வீட்டுலயே எடுக்கறோம். திரும்பவும் பேப்பர்னா திரும்பவும் அதே புரோக்கர்தான்.

மலைக்காட்டான்: வில்லங்கம் பாக்கறது நிலம் வாங்கறவங்களுக்குங்க. எங்க மலையாளி பழங்குடிப் பிள்ளைகளுக்கு எஸ்டி சான்று இல்லைன்னா ஸ்காலர்ஷிப்பும் இல்ல, காலேஜ் சீட்டும் இல்ல. அதைக் குடுக்கறது வருவாய்க் கோட்டாட்சியர், அதான் ஆர்டிஓ, ஆதாரமா அப்பாவோட சான்றைக் கேப்பாங்க. அந்தக் காலத்து அட்டை, மை மங்கி, மேல லேமினேஷன் போட்டது, ஸ்கேன் பண்ணா வெளிச்சம் அடிச்சு முத்திரை இருக்கற இடம் வெள்ளையா வருது. தெளிவா இல்லைன்னு மனு திரும்பிருச்சு. கையில வாங்கி சாய்ச்சுப் பாத்திருந்தா முத்திரை நல்லாத் தெரியும். அப்புறம் 60 ரூபான்னு சொல்றீங்க, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வந்துட்டுப் போனா பஸ் செலவு, அன்னைக்குக் காப்பித் தோட்டத்துக் கூலி ரெண்டும் போச்சுங்க.

சென்டர்காரன்: நான் இ-சேவை மையம் நடத்தறவன். ரெண்டு பேர் சொல்றதும் தினமும் பாக்கறேன், ஆனா சிவா அண்ணே, புரோக்கர் ஒழியல, இடம்தான் மாறிட்டான். ஓடிபிக்குத் தன் நம்பரையே போட்டுக் குடுத்துட்டு, அடுத்த தடவை மனு போடறப்பவும் அவன்கிட்டயே வரவெக்கிற ஆளுங்க இருக்காங்க.

செவ்வாய்ப்பேட்டை சிவா: அது மோசம்தான், ஒத்துக்கறேன். ஆனா அதுக்கு கைரேகை வெச்சு சரிபார்க்கற வசதி குடுக்கணும், பேப்பர் இல்ல.

மலைக்காட்டான்: தோட்ட வேலை செஞ்சு ரேகையே தேஞ்ச கைங்க இது, ரேஷன் கடையிலயே மெஷின் எடுக்க மாட்டேங்குது. விஏஓ வாரத்துல ஒரு நாள் ஊருக்கே வந்து மனுவைக் கையில வாங்கி, அசலைப் பாத்து, அவரே கம்ப்யூட்டர்ல ஏத்தட்டும். ரசீதும் குடுக்கட்டும். இதுல புரோக்கர் எங்க வரான்னு நீங்களே சொல்லுங்க.

செவ்வாய்ப்பேட்டை சிவா: ரசீது அங்கயே கையில வருதுன்னா எனக்கு எதிர்ப்பு இல்லீங்க. வெறும் பேப்பரை வாங்கி மேசையில போடறதுக்குத்தான் நான் ஒத்துக்க மாட்டேன்.