சரக்கொன்றைத் தளிரில் புழுக்கள்: மருந்து தெளிக்கலாமா?

கேள்வி:
மதுரையில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் புங்கம், சரக்கொன்றை, எருக்கு, கறிவேப்பிலை ஆகியவற்றை வளர்க்கிறோம். சித்திரையில் கொன்றை முதன்முறையாகப் பூத்திருக்கும் இவ்வேளையில், பக்கவாட்டில் வெளிறிய கோடுடைய பச்சைப் புழுக்கள் அதன் தளிர்களைத் தின்று தீர்க்கின்றன. வேப்பெண்ணெய் தெளிக்கலாமா?

பதில் 1:
அருள்கூர்ந்து தெளிக்காதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளம் கொன்றை வெள்ளையன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்குப் பொருந்துகிறது. வேப்பெண்ணெயிலுள்ள அசாடிராக்டின் புழு தோலுரித்து வளர்வதையே தடுத்துவிடும். மரம் இழந்த தளிரை விரைவில் மீட்டுக்கொள்ளும். இளந்தளிரைத் திருப்பிப் பாருங்கள். நெல்மணியைவிடச் சிறிய வெண்ணிற முட்டைகள் தனித்தனியே நிமிர்ந்து நிற்கக் காணலாம். தையல்சிட்டு தன் குஞ்சுகளுக்கு ஊட்டுவதும் இத்தகைய புழுக்களைத்தான் என்பதால், பறவைகள் வர வேண்டுமென்றால் புழுக்களும் இருந்தாக வேண்டும்.

பதில் 2:
பூக்களையும் கவனியுங்கள். கொன்றைப் பூவின் பத்து மகரந்தத் தாள்களில் மூன்று மட்டும் நீண்டு வளைந்திருக்கும். கரிய தச்சுத் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்க்கும்போது எழும் ரீங்காரம் சற்றுத் தள்ளி நின்றாலும் கேட்கும். அந்தத் தேனீ பட்டுப்போன மரத்தைத் துளைத்துக் கூடமைப்பதால், காய்ந்த கிளை ஒன்றையாவது வெட்டாமல் விட்டு வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. தெளிக்கப் போவதில்லை. எருக்கிலும் கறுப்பு, மஞ்சள் வரிப் புழுக்கள் இருக்கின்றன.

பதில் 1:
அவை பெரும்பாலும் வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுக்களாக இருக்கும், அவற்றையும் விட்டுவிடுங்கள்.